அகதிப் பதிவேட்டில் இல்லாத பக்கம்

புதுச்சேரிக்கு வடக்கே உள்ள பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மேலும் வடக்கே போனால், காலாப்பட்டைத் தாண்டி, மரக்காணம் உப்பளங்களுக்கு முன்னால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். விழுப்புரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் உண்டு. அங்கே வாழ்பவர்களைப் பற்றி அரசிடம் காகிதத்துக்குக் குறைவில்லை. குடும்பத் தலைவர் பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, வந்திறங்கிய நாள், மாத உதவித்தொகை, அரிசி அளவு எல்லாம் பதிவாகியிருக்கின்றன. எந்த ஊரில், எந்த நாளில், யார் என்ன செய்ததால் இவர்கள் படகேறினார்கள் என்பதைச் சாட்சியமாக எழுதி வைப்பது மட்டும் அந்தப் பதிவேட்டின் வேலையாக எப்போதும் இருந்ததில்லை.

போரில் பொதுமக்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை எழுதி வைத்தால் உலகம் அசையுமா? ஈழப் போரையொட்டி எழுந்த அரை நூற்றாண்டு ஆவணங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இதற்கு ஒரு விடை கிடைக்கிறது. உலகம் அசைந்திருக்கிறது, மிகத் தாமதமாக, மிகக் கொஞ்சமாக. அசைந்த இடங்களிலெல்லாம் முறையாகத் திரட்டிய ஆவணமும், அதைக் கையில் எடுத்துக்கொண்ட ஓர் அரசோ அமைப்போ இருந்திருக்கின்றன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்திறங்கிய தமிழ்நாடு இந்த வேலையில் பின்தங்கியது ஏன் என்பதையும், இனியாவது என்ன செய்யலாம் என்பதையும் இக்கட்டுரை பேசுகிறது.

ஊரார் எழுதிய முதல் ஏடுகள்

1974 ஜனவரி 10 அன்று யாழ்ப்பாணத்தில் நான்காவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் கூட்டத்தில் காவல்துறை புகுந்தது. ஒன்பது பேர் இறந்தனர். அரசு விசாரிக்க முன்வராதபோது ஊர்ப் பெரியவர்களே ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார்கள். ஓய்வுபெற்ற நீதியரசர் ஓ. எல். டி கிரெட்சர், வி. மாணிக்கவாசகர், ஆயர் சபாபதி குலேந்திரன் ஆகிய மூவரும் சாட்சிகளை அழைத்துக் கேட்டு, காவல்துறை மீது குற்றம் கண்டு அறிக்கை தந்தார்கள். சட்ட அதிகாரம் எதுவும் இல்லாத குழு அது. ஆனாலும் அந்த நாளைப் பற்றி எழுத வருகிற எவரும் இன்றும் அதைத் தாண்டிப் போக முடிவதில்லை. நீதிபதி ஒருவரின் ஒழுங்கோடு அது தயாரானதுதான் காரணம்.

1977, 1983 வன்முறைகளுக்குப் பின் வெளியார் வந்தார்கள். சர்வதேச நீதிவல்லுநர் ஆணையத்துக்காக வர்ஜீனியா லியரி 1981இலும் பால் சீகார்ட் 1984இலும் அறிக்கை எழுதினார்கள். ஜெனீவாவிலும் லண்டனிலும் இந்த வன்முறைகள் விவாதப் பொருளானதில் இவற்றுக்குப் பங்குண்டு.

அடுத்த கட்டம் நமக்குச் சங்கடமானது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாளன்று, இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தது. மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையிலும் அதேபோல் 60க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். இருதரப்புச் சண்டைக்கு நடுவே சிக்கியவர்கள் என்றது இந்தியத் தரப்பு. ஊரின் பிரஜைகள் குழுவோ வீடு வீடாகச் சத்தியக்கடதாசிகளைத் திரட்டியது. அவை ஜார்ஜ் பெர்னாண்டஸ் முன்னுரையுடன் இந்தியாவில் நூலாகவே வெளிவந்தன. வியட்நாமின் மைலாய்ப் படுகொலையோடு ஒப்பிட்டுத் தலைப்பிடப்பட்ட அந்த நூலைப் படித்து இந்திய நாடாளுமன்றம் கொந்தளிக்கவில்லை. ஆனால் ‘நடுவே சிக்கினார்கள்’ என்ற விளக்கம் அதன் பிறகு செல்லுபடியாகவில்லை.

இதே காலத்தில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் 1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கோபாலசிங்கம் ஸ்ரீதரன், ரஜனி திராணகம ஆகிய நால்வரும் எழுதிய ‘முறிந்த பனை’, இலங்கை ராணுவம், இந்திய ராணுவம், விடுதலைப் புலிகள், மற்ற இயக்கங்கள் என எவரையும் விட்டுவைக்கவில்லை. நூல் வெளிவருமுன்பே, 1989 செப்டம்பர் 21 அன்று, உடற்கூற்றியல் துறைத் தலைவரான ரஜனி வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மற்றவர்கள் தலைமறைவாக இருந்தபடி எழுத்தைத் தொடர்ந்தார்கள். சிறார் ஆட்சேர்ப்பையும், 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலையையும், வடக்கிலிருந்து முஸ்லிம்கள் ஒரேயடியாக விரட்டப்பட்டதையும், அரச படைகள் செய்த கொலைகளையும் ஒரே அளவுகோலால் பதிந்தார்கள். அந்த அளவுகோலே அவர்களுடைய அறிக்கைகளுக்கு வெளியுலகில் மதிப்பைத் தேடித் தந்தது. 2007இல் ராஜன் ஹூலுக்கும் ஸ்ரீதரனுக்கும் மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தது.

வன்னியில் வேறொரு முயற்சி 2004இல் பிறந்தது. கிளிநொச்சியில் இயங்கிய வடகிழக்கு மனித உரிமைச் செயலகம் 1956 முதலான படுகொலைகளை ஊர் ஊராகத் தொகுத்தது. அதன் தலைவர் அருட்தந்தை மரியாம்பிள்ளை கருணாரட்ணம் 2008 ஏப்ரல் 20 அன்று கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். அத்தொகுப்பு பின்னர் சென்னையில் ‘மனிதம்’ அமைப்பு வழியே நூலாக வந்தது. புலிகளின் ஆட்சிப் பகுதிக்குள் இயங்கியதால் அதைச் சார்புடையது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அப்படி ஒதுக்கியவர்களாலும் அதிலுள்ள ஊர்ப்பெயர், நாள், இறந்தோர் பட்டியல் ஆகியவற்றைப் புறந்தள்ள முடியவில்லை. பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கலாம். சரிபார்க்கக்கூடிய எதுவும் ஆவணமே.

ஒரு கேமரா சொன்னது

2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கையெறிகுண்டு வெடித்து இறந்தார்கள் என்றது அதிகாரத் தரப்பு. ‘சுடர் ஒளி’ பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் அடுத்த நாட்களில் வெளியாயின. தலையில் மிக அருகிலிருந்து சுட்ட காயங்கள் அவற்றில் தெளிவாகத் தெரிந்தன. குண்டுவெடிப்புக் கதை அத்தோடு முடிந்தது. அதே மாதம் 24ஆம் தேதி சுகிர்தராஜனும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்தப் படங்களும், ஆகஸ்ட் மாதம் மூதூரில் ‘பட்டினிக்கு எதிரான நடவடிக்கை’ என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 ஊழியர்கள் கொல்லப்பட்ட செய்தியும் சேர்ந்துதான் ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைக்கும் கட்டாயத்தை உண்டாக்கின. அதைக் கண்காணிக்க இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி. என். பகவதி தலைமையில் பன்னாட்டுச் சுயாதீனக் குழு அமர்ந்தது. உள்நாட்டு விசாரணை உலகத் தரத்துக்கு அருகில்கூட வரவில்லை என்று கூறி 2008இல் அக்குழு விலகியது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பில்லை, அரசின் சட்டத்துறையே விசாரணைக்குள் தலையிட்டது. மாணவர் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட சிறப்பு அதிரடிப் படையினர் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள்.

ஒரு படம் பொய்யை உடைத்துவிடும். வழக்கை நடத்த அது போதாது. படம் எடுத்தவர் உயிரோடு இருக்க வேண்டும், கண்டவர் சாட்சிக் கூண்டுவரை அச்சமின்றி வர வேண்டும், படத்தின் மூலப்பிரதி கைமாறிய வரலாறு தெரிய வேண்டும். திருகோணமலையில் முதல் இரண்டும் அறுந்துபோயின.

வன்னியில் எண்களின் போர்

2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் நடந்தவை ஆவணம் இல்லாமல் மறைந்துபோனவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவை நடந்துகொண்டிருந்தபோதே எழுதப்பட்டன.

முல்லைத்தீவு உதவி அரசாங்க அதிபரின் கணக்குப்படி போர்ப் பகுதிக்குள் 3,30,000 பேர் இருந்தார்கள். கொழும்போ சுமார் 70,000 பேர்தான் என்றது. உணவும் மருந்தும் கொழும்பின் எண்ணுக்கு ஏற்பவே போயின. போர் முடிந்தபின் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் 2,90,000ஐ நெருங்கியபோது எந்தக் கணக்கு சரி என்பது தெரிந்தது. தற்காலிக மருத்துவமனைகளில் வேலை செய்த அரசு மருத்துவர்கள் சத்தியமூர்த்தி, சண்முகராஜா, வரதராஜா ஆகியோர் தொலைபேசி வழியே இறப்புகளையும் மருந்துப் பற்றாக்குறையையும் வெளியே சொன்னார்கள். போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்ட அவர்கள், 2009 ஜூலையில் செய்தியாளர்கள் முன் கொண்டுவரப்பட்டு, தாங்கள் சொன்னது மிகை என்று சொல்ல நேர்ந்தது. பின்னாளில் அமெரிக்கா சென்ற வரதராஜா, அந்தச் செய்தியாளர் கூட்டமே ஒத்திகை பார்த்து நடத்தப்பட்டது என்றார்.

கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலர்கள் கிடைத்த தகவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்ததாகவும் 18,479 பேர் காயமடைந்ததாகவும் கணக்கிட்டார்கள். அதன் பிறகு எண்ணவே முடியாத நிலை. உறுதிசெய்ய முடிந்தவற்றை மட்டும் சேர்த்த கணக்கு என்பதால் உண்மையான இழப்பு இதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருக்கலாம். இந்தக் குறைந்த கணக்கைக்கூட ஐ.நா. தலைமை வெளிப்படையாக வைக்கவில்லை. மனித உரிமை உயர் ஆணையர் நவி பிள்ளை மட்டும் மார்ச் 13 அன்று, ஜனவரி 20 முதல் 2,800 பேர்வரை இறந்திருக்கலாம் என்று அறிவித்தார். பாதுகாப்பு வலயத்துக்குள் விழுந்த ஷெல்களின் குழிகளைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. மே 6, மே 10 ஆகிய நாட்களின் படங்களை ஒப்பிட்ட அமெரிக்க அறிவியல் மேம்பாட்டுச் சங்கத்தின் ஆய்வு, கூடாரங்கள் பெருமளவில் இல்லாமற்போனதைப் பதிந்தது.

இவ்வளவும் இருந்தும் 2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை 29 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தவை 12 நாடுகள், விலகியவை 6. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு தன் அமைப்பின் தோல்வியை ஒப்புக்கொண்டது. கையிலிருந்த தகவலை உறுப்பு நாடுகளுக்கு முழுமையாகச் சொல்லாததும், 2008 செப்டம்பரில் கிளிநொச்சியை விட்டு வெளியேறியதும் அதில் கண்டிக்கப்பட்டன. வன்னியில் ஆவணம் இருந்தது. அதை வைத்திருந்தவர்கள் உரிய நேரத்தில் மேசைமேல் வைக்கவில்லை.

மறுக்க முடியாமற்போன கதை

போர் முடிந்த பிறகுதான் ஆவணங்கள் வேலை செய்யத் தொடங்கின. கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்படும் காணொளியை இலங்கையில் ஜனநாயகத்திற்கான ஊடகவியலாளர்கள் அமைப்பு வெளிக்கொண்டுவர, பிரிட்டனின் சேனல் 4 அதை 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. போலி என்றது கொழும்பு. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், தடயவியல் மருத்துவம், துப்பாக்கி, காணொளி என மூன்று துறை வல்லுநர்களிடம் அதைக் கொடுத்தார். உண்மையானது என்பதற்கே சான்றுகள் வலுவாக உள்ளன என்று அவர்கள் சொன்னதை 2010 ஜனவரியில் வெளியிட்டார். அடுத்து வந்த கிறிஸ்டோப் ஹெய்ன்ஸும் நீண்ட காணொளியை ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார்.

ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் அமைத்த மர்சுகி தருஸ்மன், ஸ்டீவன் ரட்னர், யாஸ்மின் சூக்கா மூவர் குழுவின் அறிக்கை 2011 ஏப்ரலில் வெளியானது. 40,000 பேர்வரை இறந்திருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டைத் தள்ளிவிட முடியாது என்றது அக்குழு. அரசு மீது ஐந்து வகையான, நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள். புலிகள் மீது ஆறு வகை. மக்களைக் கேடயமாக வைத்தது, தப்பியோடியவர்களைச் சுட்டது, பிள்ளைகளைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றது எல்லாம் அந்த ஆறில் அடங்கும். தமிழர் மேடைகளில் முதல் ஐந்து மட்டுமே படிக்கப்பட்டன. கொழும்பின் மேடைகளில் பின்னைய ஆறு மட்டும். ஆனால் அந்த அறிக்கை நிலைத்ததற்கே இரண்டும் சேர்ந்திருந்ததுதான் காரணம்.

அக்குழுவுக்கு 2,300க்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 4,000க்கும் அதிகமான மனுக்கள் வந்தன. அவற்றைத் தனித்தனியே சரிபார்க்க அக்குழுவுக்கு ஆளும் இல்லை, காலமும் இல்லை. அப்படியே உறையிட்டுப் பாதுகாப்பில் வைத்தார்கள். எழுதி அனுப்பியவர்களின் ஆர்வத்தையும் முறை தெரியாமல் எழுதுவதன் வரம்பையும் அந்த உறைகள் ஒருசேரக் காட்டுகின்றன.

முறை தெரிந்து எழுதினால் ஒரே ஒரு பக்கம் போதும் என்பதற்கு மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த கணக்கு சான்று. 2008 அக்டோபரில் கச்சேரிப் பதிவுகளின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள்தொகை 4,29,059. 2009 ஜூலை வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், ஐ.நா. கணக்குப்படி, 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆனது? எல்லாரும் கொல்லப்பட்டார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. அரசுதான் சொல்ல வேண்டும் என்றார். இரண்டு எண்களும் பொதுப் பதிவுகளிலிருந்து எடுத்தவை. கழித்தல் கணக்குக்கு இன்றுவரை முழுமையான மறுமொழி இல்லை.

இவற்றின் மேல்தான் 2012, 2013, 2014 பேரவைத் தீர்மானங்கள் எழுந்தன. 2013இல் புலிகளின் தலைவருடைய மகனான சிறுவன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாகி, லயோலா கல்லூரி மாணவர்களின் உண்ணாவிரதம் தமிழகமெங்கும் பரவி, தி.மு.க. மத்திய அரசிலிருந்து விலகிய அதே வாரத்தில் இந்தியா தீர்மானத்தை ஆதரித்தது. 2014இல், பன்னாட்டு விசாரணையே கேட்கப்பட்டபோது, விலகி நின்றது. அந்தத் தீர்மானத்தின் வழியே வந்த ஐ.நா. விசாரணை அறிக்கை 2015 செப்டம்பரில் வெளியாயிற்று. 2021 மார்ச்சில் 22க்கு 11 வாக்குகளால் நிறைவேறிய 46/1 தீர்மானம், சான்றுகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, ஆராய்ந்து, எதிர்கால வழக்குகளுக்காகப் பேணும் அலுவலகம் ஒன்றை ஐ.நா. மனித உரிமை ஆணையகத்துக்குள் உருவாக்கியது. இந்தியா அப்போதும் விலகியே நின்றது.

பலன் என்ன? ஒரு தளபதிக்கும் பன்னாட்டு நீதிமன்றத்தில் தண்டனை இல்லை. இலங்கை ரோம் சாசனத்தில் சேரவில்லை. பாதுகாப்பு அவை அனுப்பாமல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் இதைத் தொட முடியாது. நடந்தவை பயணத் தடைகளும் சொத்து முடக்கங்களும்தான். 2020இல் அமெரிக்கா சவேந்திர சில்வாவின் நுழைவைத் தடுத்தது. 2023இல் கனடா மகிந்த, கோத்தாபய ராஜபக்ச சகோதரர்கள் மீது தடை விதித்தது. 2025 மார்ச்சில் பிரிட்டன் மூன்று முன்னாள் படைத் தளபதிகளையும், புலிகளிலிருந்து பிரிந்து அரசுடன் சேர்ந்த கருணாவையும் பட்டியலில் சேர்த்தது. இழப்போடு ஒப்பிட்டால் இவை மிகச் சிறியவை. ஆனாலும் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கோப்பு இருந்தது.

அகதியின் கோப்பு எங்கே இருக்கிறது

அந்தக் கோப்புகள் பெரும்பாலும் லண்டனிலும் டொரன்டோவிலும் ஜெனீவாவிலும் பிறந்தவை. யாஸ்மின் சூக்கா தலைமையில் 2014இல் வந்த ‘முடிவுறாத போர்’ அறிக்கை, பிரிட்டனை அடைந்த 40 பேரின் சத்திய வாக்குமூலங்களால் ஆனது. சித்திரவதையிலிருந்து விடுதலை என்ற பிரிட்டிஷ் அமைப்பு தன்னிடம் வந்தவர்களின் வடுக்களை மருத்துவச் சான்றோடு பதிந்தது. மண்டபம், கீழ்ப்புத்துப்பட்டு, கும்மிடிப்பூண்டி முகாம்களுக்கு வந்தவர்களிடமிருந்து ஏன் இப்படி ஓர் ஆவணத் தொகுதி எழவில்லை?

காரணம் புகலிடம் தரும் முறையில் இருக்கிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்ததைச் சொல்லி, தான் அகதி என்று நிறுவ வேண்டும். அதிகாரி கேட்பார், மொழிபெயர்ப்பாளர் எழுதுவார், வழக்கறிஞர் சான்றுகளைக் கோப்பார், முரண்பட்டால் தீர்ப்பாயம் குடையும். மனிதருக்கு அது கொடுமையான அனுபவம். ஆனால் முடிவில் நாளும் இடமும் காயமும் குறித்த ஒரு கோப்பு மிஞ்சும். இந்தியா 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. இலங்கையிலிருந்து வந்தவர்களைக் கூட்டமாக ஏற்றுக்கொண்டது. 1983 ஜூலைக்குப் பிறகும், 1990இல் போர் மீண்டும் மூண்டபோதும், 1996இலும், 2006இலும் வந்த அலைகளுக்கு அதுவே வழக்கம். யாரும் தன் துயரத்தை நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தாராளம் பெரிது. அதன் மறுபக்கமாக, யாரும் அவர்களுடைய கதையை எழுதிக்கொள்ளவும் இல்லை. மண்டபத்தில் தமிழ்நாடு காவல்துறையின் கியூ பிரிவு கேட்ட கேள்விகள் பாதுகாப்புக்கானவை. வந்தவருக்கு இயக்கத் தொடர்பு உண்டா என்பதே அவற்றின் கவலை.

1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் நிலைமை இறுகியது. முகாம்கள் கண்காணிப்புக்குள் வந்தன. தொண்டு நிறுவனங்கள் உள்ளே போவதற்கும் கட்டுப்பாடு. எஸ். சி. சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ அகதிகள் மறுவாழ்வுக் கழகம் கல்வி, மருத்துவம், பிறப்புச் சான்றிதழ் என்று உயிர்வாழ்வின் தேவைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஊரில் நடந்ததைப் பற்றிப் பேசினாலே சந்தேகம் வரும் என்ற அச்சத்தில் மக்கள் வாயடைத்தார்கள். வெளியே அரசியல் மேடைகள் முழங்கின, சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. பாலச்சந்திரனின் படம் எல்லா ஊரிலும் இருந்தது. ஒரு வழக்குக்குத் தேவைப்படும் அப்படத்தின் மூல டிஜிட்டல் கோப்பைப் பற்றி மேடையில் பேசியவர் அரிது.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 2017 ஆகஸ்டுக்குப் பின் மியான்மரிலிருந்து ஓடிவந்த ரோஹிங்கியா மக்களை மையமாக வைத்து ஐ.நா. உண்மை கண்டறியும் குழு 875 விரிவான நேர்காணல்களை நடத்தியது. 2018இல் அறிக்கை. 2019 நவம்பரில் காம்பியா இனப்படுகொலைச் சாசனத்தின் கீழ் சர்வதேச நீதிமன்றம் போனது. 2020 ஜனவரி 23 அன்று மியான்மருக்கு இடைக்கால உத்தரவு வந்தது. அகதி முகாமில் சொன்ன வார்த்தைகள் இரண்டரை ஆண்டுகளுக்குள் ஹேக் நகரின் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இலங்கையும் அதே சாசனத்தில் 1950 முதல் உறுப்பு நாடு. அதன்மீது வழக்குத் தொடுக்க எந்த நாடும் முன்வரவில்லை. தமிழருக்கு ஒரு காம்பியா வாய்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு நாடு நாளை முன்வந்தால் எடுத்துக் கொடுக்க, கடலுக்கு இக்கரையில் என்ன இருக்கிறது?

காத்திருக்கும் சாட்சியம்

இவ்வளவு காலம் கழித்து எழுதி என்ன பயன் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்துச் செம்மணி பதில் சொல்கிறது. பள்ளி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட படைவீரர் சோமரத்ன ராஜபக்ச, 1998இல் நீதிமன்றத்தில் 300 முதல் 400 பேர் செம்மணியில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றார். 1999இல் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன; பிறகு அந்த விவகாரம் கிடப்பில் போனது. 2025 பிப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டுமான வேலைக்குத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் அந்த ஆண்டே 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. பள்ளிப் பையும் பொம்மையும் அவற்றோடு கிடந்தன. ஜூனில் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையர் வோல்கர் டர்க் அங்கே போய் நின்றார். 1998இல் ஒருவர் கூண்டில் நின்று சொன்னது எழுத்தில் இருந்ததால்தான் இன்று அந்த எலும்புகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2015 ஐ.நா. விசாரணை எடுத்துக்கொண்ட காலம் 2002 பிப்ரவரி முதல் 2011 நவம்பர் வரை மட்டுமே. தமிழ்நாட்டு முகாம்களின் மூத்த தலைமுறை கண்டவை 1983, 1985, 1987, 1990ஆம் ஆண்டுகளின் நிகழ்வுகள். அவை எந்த ஐ.நா. விசாரணையின் வரம்புக்குள்ளும் வரவில்லை. 46/1 தீர்மானத்துக்கு அப்படியொரு கால எல்லை இல்லை. ஆகவே இந்த மக்களின் சாட்சியத்தைப் பெற்றுக்கொள்ள இன்று ஓர் இடம் இருக்கிறது.

எப்படி எழுதுவது என்பதற்கு உலகம் நெறிகளை வகுத்திருக்கிறது. சித்திரவதைக்கு இஸ்தான்புல் நெறிமுறை, சந்தேகத்துக்குரிய மரணங்களுக்கு மினசோட்டா நெறிமுறை, டிஜிட்டல் சான்றுகளுக்கு 2020இல் வந்த பெர்க்லி நெறிமுறை. அவற்றின் சாரம் எளியது. சொல்பவரின் சம்மதம் முதலில். அவர் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுத வேண்டும். பதிலை வாயில் ஊட்டும் கேள்வி கூடாது. ஊர், திசை, நேரம், ஒலி, சீருடை என்று சரிபார்க்கக்கூடிய விவரம் வேண்டும். பழைய படமோ கடிதமோ இருந்தால் மூலத்தைத் தொடாமல் நகலெடுத்து, யாரிடமிருந்து எப்போது வந்தது என்று குறிக்க வேண்டும். ஒரே துயரத்தை ஒருவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பதும் ஒரு வதை. போரின் உளக்காயங்களைப் பற்றி மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியிருப்பவற்றைப் படித்துவிட்டே நேர்காணலுக்குப் போக வேண்டும். உறவினர் இன்னும் இலங்கையில் இருப்பதால் பெயர்களைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு அவசியம். புலிகளோ மற்ற இயக்கங்களோ இந்திய ராணுவமோ செய்ததை ஒருவர் சொன்னால் அதையும் அதே மையில் எழுத வேண்டும். அதை நீக்கும் தொகுப்பு முதல் குறுக்கு விசாரணையிலேயே விழுந்துவிடும்.

தமிழ்நாடு அரசு 2021இல் இம்முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றி, வீடுகளுக்கும் கல்விக்கும் ரூ.317 கோடி அறிவித்தது. நல்ல காரியம். அதோடு இன்னொன்றும் வேண்டும். ஒரு பல்கலைக்கழகமோ சட்டப் பள்ளியோ மாநில ஆவணக் காப்பகமோ பொறுப்பேற்று, வழக்கறிஞர்களும் உளவியலாளர்களும் பயிற்சி பெற்ற இளைஞர்களும் கொண்ட குழுவை அமைத்து, முகாம் முகாமாக வாக்குமூலங்களைப் பதிய வேண்டும். காவல்துறையும் கட்சிகளும் அதற்குள் நுழையக் கூடாது. முகாமில் பிறந்து இங்கேயே பட்டம் பெற்ற பிள்ளைகளைவிட அந்தக் கேள்விகளைக் கேட்கத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. பாட்டனின் வட்டாரச் சொல் அவர்களுக்குத்தான் புரியும். பெரிய முதலியார்சாவடியிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அந்த முகாமிலேயே வேலையைத் தொடங்கலாம். 1984இல் முப்பது வயதில் வந்தவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல் ஆகிறது. வாக்குமூலம் வாங்க இன்னும் ஒரு தலைமுறைக் காலம் நமக்கு இல்லை.